தரைக்கும் தேய்மானம் உண்டு

காமர்ஸ் படிக்கும் நமக்கு தேய்மானம் என்றால் மெஷினும் வண்டியும்தான் நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் பழைய நெசவாளர் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள், தரையும் தேய்ந்திருக்கும். ஒரு காலத்தில் வழவழவென்று மினுங்கிய சிமெண்ட் தரை, இப்போது பெருக்கப் பெருக்கத் தூளாக வரும். அந்தத் தூள் தறியில் இருக்கும் பட்டுப் பாவு மேலேயும்தான் படிகிறது.

"எபாக்சி அடித்துவிடலாம், பளபளவென்று ஆகிவிடும்" என்பார்கள். ஈரம் பார்க்காமல் வேண்டாம் என்பது என் கட்சி. குழித்தறி இருக்கும் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் குழியிலேயே தண்ணீர் ஊறும். தரைக்கு அடியிலும் அதே ஈரம்தான். மேலே பூச்சு போட்டு அடைத்தால் கொப்பளம் விட்டு உரியும். பழைய மெழுகோ எண்ணெயோ ஊறிய தரையிலும் அது ஒட்டாது.

சோதனை ரொம்ப சுலபம். ஒன்றரை அடி சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் முத்துமுத்தாக நின்றால் எபாக்சியை மறந்துவிடுங்கள். இதை மழைக்காலத்தில் செய்யுங்கள், கோடைத் தரை ஏமாற்றும்.

அப்புறம் என்னதான் செய்வது? பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, தண்ணீர் அளவாகக் கலந்த சிமெண்ட் பூசி, 7 நாளாவது நனைத்து வையுங்கள். கலவையில் தண்ணீர் அதிகமானதும், பிறகு நனைக்காமல் விட்டதும்தான் தரை தூளாவதற்கு முக்கிய காரணங்கள்.

நெசவுக் கூலியில் இரண்டு தடவை தரை போட முடியாது. முதலில் ஈரத்தைப் பாருங்கள், பளபளப்பு அப்புறம்.