ஒரே கிடங்கு, இரண்டு படைகள்

1977 ஜூலையில் எல்லை தாண்டி எத்தியோப்பியாவுக்குள் நுழைந்த சோமாலியாவின் டாங்கிகள் சோவியத் யூனியன் கொடுத்தவை. எட்டு மாதம் கழித்து அவற்றைத் துரத்தியடித்தவையும் சோவியத் டாங்கிகள்தான். அண்டை நாடுகள் மோதும்போது ஆயுதம் கொடுப்பவர் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒகாடென் போரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

எத்தியோப்பியாவின் கிழக்கே பரந்து கிடக்கும் வறண்ட மேய்ச்சல் நிலம் ஒகாடென். அங்கு வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலி இனத்தவர். 1960இல் சுதந்திரம் பெற்றதிலிருந்தே சோமாலியா அதற்கு உரிமை கொண்டாடி வந்தது. காலனி ஆட்சியாளர்கள் விட்டுச் சென்ற எல்லைகளை மதிப்பது என ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1964இல் செய்த தீர்மானத்தை அது ஏற்கவில்லை.

அதிபர் சியாத் பர்ரே தேர்ந்தெடுத்த நேரம் கச்சிதமானது. 1974இல் பேரரசர் ஹெய்லி செலாசி கவிழ்க்கப்பட்ட பிறகு எத்தியோப்பியா உள்நாட்டு ரத்தக்களரியில் சிக்கியிருந்தது. வடக்கே எரித்ரியாவில் விடுதலைப் போர். கால் நூற்றாண்டாக ஆயுதம் தந்துவந்த அமெரிக்காவுடனும் உறவு கசந்துவிட்டது. எதிரி சுதாரிப்பதற்குள் டாங்கிகளை விரைந்து செலுத்தி நிலத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பது சியாதின் திட்டம். செப்டம்பரில் ஜிஜிகா நகரம் விழுந்தது. ஒகாடெனின் பெரும்பகுதி சோமாலியர் வசமானது.

ஆனால் ஹராரும் டிரே டாவாவும் விழவில்லை. வானில் எத்தியோப்பியாவின் கை ஓங்கியிருந்தது. அமெரிக்கா முன்பு கொடுத்த எஃப்-5 விமானங்கள் சோமாலியாவின் மிக்-21களை வீழ்த்தின. நீண்டுபோன சப்ளை பாதைகளையும் தாக்கின. சில வாரங்களில் முடிய வேண்டிய போர் இழுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் குண்டுகளும் உதிரி பாகங்களும் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்தது.

மாஸ்கோவின் கணக்கு வேறாக இருந்தது. மெங்கிஸ்டுவின் புரட்சி அரசு தானாகவே அதன் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சோமாலியாவைவிட எத்தியோப்பியாவுக்கு மக்கள்தொகை பல மடங்கு. ஆப்பிரிக்காவில் செல்வாக்கும் அதிகம். இருவரையும் கைக்குள் வைத்துக்கொள்ள 1977 மார்ச்சில் ஃபிடல் காஸ்ட்ரோ ஏடனில் ஒரு கூட்டாட்சி யோசனையை முன்வைத்தார். சியாத் மறுத்தார். பிறகு சோமாலியாவுக்கு வந்துகொண்டிருந்த சோவியத் ஆயுதங்கள் நின்றன. வெகுண்ட சியாத் நவம்பர் 13 அன்று சோவியத் ஆலோசகர்களை வெளியேற்றி, கியூபாவுடன் உறவையும் துண்டித்தார்.

அந்த இடத்துக்கு அமெரிக்கா வரும் என்று அவர் எதிர்பார்த்தார். தற்காப்பு ஆயுதம் தரலாம் என ஜூலையில் கோடிகாட்டிய வாஷிங்டன், படையெடுப்பு வெளிச்சத்துக்கு வந்ததும் பின்வாங்கிவிட்டது. எல்லையைத் தாண்டியவர் என்ற பெயர் சியாதுக்கு. தாக்கப்பட்டவர் என்ற அனுதாபம் மெங்கிஸ்டுவுக்கு. களத்தில் பெற்ற ஆதாயத்தைச் சபையில் இழந்தது சோமாலியா.

நவம்பர் இறுதியில் சோவியத் விமானங்கள் அடிஸ் அபாபாவில் ஆயுதங்களை இறக்கத் தொடங்கின. கியூபாவிலிருந்து பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தனர். எதிர்த்தாக்குதலுக்குத் திட்டம் வகுத்தவர் சோவியத் ஜெனரல் வாசிலி பெட்ரோவ். சோமாலியப் படைக்குப் பயிற்சி தந்த ஆலோசகர்கள் சிலரும் இப்போது எதிர்ப்பக்கம். அந்தப் படையின் பலமும் பலவீனமும் அவர்களுக்கு அத்துப்படி. ஜிஜிகாவைக் காத்துநின்ற மலைக் கணவாயில் நேராக மோதாமல், வடக்கே சுற்றி வளைத்தது ஒரு படை. ஹெலிகாப்டர்கள் வீரர்களையும் கவச வண்டிகளையும் மலைக்கு அப்பால் இறக்கின. 1978 மார்ச் 5 அன்று ஜிஜிகா மீட்கப்பட்டது. நான்கே நாளில் சியாத் வாபஸ் அறிவித்தார்.

இந்தப் பாடம் இந்தியத் துணைக்கண்டத்துக்குப் புதிதல்ல. 1965 போரில் அமெரிக்கா இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்குமே ஆயுத சப்ளையை நிறுத்தியபோது, பேட்டன் டாங்கிகளையும் சேபர் விமானங்களையும் நம்பியிருந்த பாகிஸ்தானுக்குத்தான் அடி பலமாக விழுந்தது. சோமாலியாவின் நிலை அதைவிட மோசம். அதற்கு ஆயுதம் நின்றது மட்டுமல்ல, அதே ஆயுதம் எதிரியிடம் போய்ச் சேர்ந்தது.

வென்றவருக்கும் அந்த வெற்றி நிலைக்கவில்லை. மெங்கிஸ்டு தன் அடுத்த போர்களையும் சோவியத் உதவியை நம்பியே நடத்தினார். கோர்பசேவ் காலத்தில் அது வற்றியது; 1991 மே மாதம் அவர் ஜிம்பாப்வேக்குத் தப்பியோடினார். அதற்கு நான்கு மாதம் முன்பு சியாதும் தலைநகர் மொகதிஷுவைவிட்டு ஓடியிருந்தார். 1980இல் பெர்பெரா துறைமுகத்தை அமெரிக்காவுக்குத் திறந்துவிட்டுப் பெற்ற புதிய உதவியும் கடைசியில் அவரைக் காப்பாற்றவில்லை. வல்லரசுகள் இடம் மாறிக்கொண்டன; ஆயுதம் கொடுத்தவர்கள் வீடு திரும்பினர். ஒகாடெனிலிருந்து அகதிகளாக வெளியேறிய லட்சக்கணக்கான சோமாலியருக்குத் திரும்பிப்போக அப்படி ஒரு வீடு இருக்கவில்லை.