பங்கு பேசிவிட்டுப் பக்கத்தில் கடை திறக்கலாமா?

"கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் நடிகைக்கும் படம் எடுத்த கம்பெனிக்கும் சண்டை. இதில் நமக்கென்ன?" என்று கேட்கும் சகோதரர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சினிமா நல்லதா, கெட்டதா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. ஆனால் அந்தச் சண்டையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால் உள்ளே இருப்பது கொடுக்கல் வாங்கல். கூலி பேசுவது, பங்கு பேசுவது, பேசிய பேச்சை ஒருவர் மட்டும் மாற்றுவது. கடை வைத்திருப்பவரும் கடையில் வேலை பார்ப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

நடந்தது என்ன?

அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனிக்குச் சொந்தமான மார்வெல் நிறுவனம் 'பிளாக் விடோ' என்ற படத்தை எடுத்தது. கதாநாயகி ஸ்கார்லெட் ஜோஹான்சன். அவருக்குப் பேசிய ஊதியத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்று, நிலையான ஒரு தொகை. மற்றொன்று, தியேட்டர் வசூல் குறிப்பிட்ட அளவுகளைத் தாண்டும்போது கிடைக்கும் போனஸ்.

2020 மே மாதம் வரவேண்டிய படம் கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய், 2021 ஜூலை 9 அன்று வெளியானது. தியேட்டருக்கு வந்த அதே நாளில், டிஸ்னி பிளஸ் என்ற தன் சொந்த இணையச் சேவையிலும் கம்பெனி அதை வெளியிட்டது. சந்தாதாரர்கள் கூடுதலாக 30 டாலர் கட்டினால் குடும்பத்தோடு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் வார இறுதியில் அமெரிக்க, கனடா தியேட்டர்களில் 8 கோடி டாலர் வசூல். மற்ற நாடுகளில் 7 கோடியே 80 லட்சம். வீட்டிலிருந்து பார்த்தவர்கள் கட்டியது 6 கோடி! இந்த 6 கோடியைக் கம்பெனியே பெருமையோடு அறிவித்தது.

ஜூலை 29 அன்று ஜோஹான்சன் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 'தியேட்டரில் பரவலாக வெளியிடப்படும்' என்று ஒப்பந்தம் சொல்கிறது. தியேட்டரில் மட்டும் என்பதே அதன் பொருள். என் போனஸ் முழுவதும் தியேட்டர் வசூலை நம்பியிருக்கிறது என்பது அவர் வாதம். திட்டம் மாறினால் உங்களோடு பேசி ஒரு முடிவுக்கு வருவோம் என்று 2019-லேயே மார்வெலின் வழக்கறிஞர் எழுத்தில் உறுதி கொடுத்திருந்ததாகவும் மனு சொன்னது.

கம்பெனி சொன்ன பதில்

வழக்கில் சாரமே இல்லை, கொரோனாவின் கொடுமையை இவர் எண்ணிப் பார்க்கவில்லை என்றது டிஸ்னி. அதோடு நிற்கவில்லை. இவர் ஏற்கெனவே 2 கோடி டாலர் வாங்கிவிட்டார் என்று சம்பளத்தையும் ஊரறியப் போட்டு உடைத்தது. அன்றைய மதிப்பில் சுமார் 150 கோடி ரூபாய்!

இவ்வளவு வாங்கியவர் இன்னும் கேட்கலாமா என்று நமக்கும் தோன்றும். தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தொகை வெளியிடப்பட்டது. சற்று நின்று யோசியுங்கள். வாங்கியது கொஞ்சமா, நிறையவா என்பதா வழக்கு? பேசியது என்ன, கொடுத்தது என்ன என்பதல்லவா வழக்கு! "உனக்குத்தான் நிறையக் கொடுத்தாயிற்றே" என்ற வாயடைப்பை இன்று பணக்கார நடிகையிடம் ஒப்புக்கொண்டால், நாளை அதே வார்த்தை ஜவுளிக்கடைச் சிப்பந்தியிடமும் வரும்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தியேட்டருக்குப் போக மக்கள் அஞ்சிய காலம் அது. வீட்டுக் காட்சியில் வந்த பணத்தையும் போனஸ் கணக்கில் சேர்ப்போம் என்று கம்பெனி தரப்பு பிறகு வாதாடியது. 2021 ஆகஸ்ட் மத்திக்குள் அந்த வகையில் 12 கோடியே 50 லட்சம் டாலர் வந்ததாகவும் கணக்குக் காட்டியது. நல்லது. அப்படியானால் படம் வெளியாகும் முன்பே அழைத்துப் பேசி, அதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கலாமே! வழக்கு வந்த பிறகு எடுக்கிற கணக்குப் புத்தகத்தை எந்த வியாபாரி நம்புவான்?

லாபம் எங்கே போகிறது?

இதன் சூட்சுமத்தை நம் வியாபாரிகள் எளிதில் புரிந்துகொள்வார்கள். தியேட்டரில் விற்கும் டிக்கெட்டில் ஏறத்தாழ பாதி தியேட்டர்காரருக்குப் போய்விடும். சொந்த இணையச் சேவையில் வரும் பணத்தில் பெரும்பகுதி கம்பெனிக்கே. சந்தாதாரர் எண்ணிக்கை கூடினால் பங்குச் சந்தையிலும் மதிப்பு ஏறும்.

இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு கடையின் விற்பனையில் பங்கு தருவதாகச் சொல்லி ஒருவரை வேலைக்கு வைக்கிறார் முதலாளி. பிறகு அதே சரக்கைப் பக்கத்தில் தனக்கு மட்டும் சொந்தமான இன்னொரு கடையில் விற்கிறார். முதல் கடையில் கூட்டம் குறைகிறது. "உன் பங்கில் நான் கை வைக்கவில்லையே" என்கிறார். பங்கில் கை வைக்கவில்லை. பங்கு வரும் வழியில் கை வைத்துவிட்டார்!

இதே வேலையை இன்னும் பெரிய அளவில் செய்தது வார்னர் பிரதர்ஸ். 2020 டிசம்பர் 3 அன்று, அடுத்த ஆண்டின் 17 படங்களையும் தியேட்டரிலும் எச்.பி.ஓ. மேக்ஸ் சேவையிலும் ஒரே நாளில் வெளியிடுவதாக அறிவித்தது. படம் எடுத்தவர்களையும் நடித்தவர்களையும் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, கைவிட்டுப்போன போனஸுக்கு ஈடாகப் பெருந்தொகை கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் அந்தக் கம்பெனியோடு இருந்த இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் வெளிப்படையாகக் கண்டித்தார். 'ஓப்பன்ஹைமர்' படத்தை யுனிவர்சல் கம்பெனிக்குக் கொண்டுபோனார். நாணயம் போனால் வாடிக்கை போகும் என்பது ஹாலிவுட்டுக்கும் பொருந்தும்.

ஏழை நடிகருக்கு யார்?

ஜோஹான்சன் வழக்கு 2021 செப்டம்பர் 30 அன்று சமரசத்தில் முடிந்தது. என்ன கொடுத்தார்கள் என்பது வெளியே சொல்லப்படவில்லை. தீர்ப்பு வராததால் மற்றவர்கள் எடுத்துக்காட்டிப் பேச ஒரு முன்னுதாரணமும் கிடைக்கவில்லை.

பெரிய நடிகைக்கு வக்கீல் படை உண்டு. ஒரு காட்சியில் தபால்காரராக வந்து போகிறவருக்கு யார் இருக்கிறார்கள்? சங்கம்தான் இருக்கிறது. இது இன்று நேற்றுக் கதையல்ல. தியேட்டரில் ஓடிய படங்களைத் தொலைக்காட்சிக்கு விற்று முதலாளிகள் மீண்டும் காசு பார்த்தபோது, நடிகர்களுக்கு அதில் பங்கில்லை. 1960-ல் நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அப்போது சங்கத் தலைவர் யார் தெரியுமா? பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன்! அந்தப் போராட்டத்தால்தான் பிந்தைய படங்களுக்கு மறுஒளிபரப்புப் பங்கும், ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரு நிதியும் கிடைத்தன.

இணையச் சேவை வந்ததும் அந்தப் பங்கு தேய்ந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கே கம்பெனியின் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. 2023 ஜூலை 14 முதல் 118 நாட்கள் சுமார் 1,60,000 உறுப்பினர் கொண்ட நடிகர் சங்கம் போராடியது. சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க 2023-ல் ஆண்டுக்கு 26,470 டாலர் சம்பாதித்திருக்க வேண்டியிருந்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வரம்பைக்கூட எட்டவில்லை. இதுதான் பளபளப்புக்குப் பின்னால் இருக்கும் ஹாலிவுட்!

போராட்டத்தின் முடிவில் ஒரு வழி பிறந்தது. இணையத்துக்கென்றே எடுக்கப்படும் பெரிய படத்தையோ தொடரையோ, முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையான பார்வை எட்டினால் நடிகர்களுக்கு போனஸ். அந்தத் தொகையில் கால் பங்கு பொது நிதிக்கு. போதுமா என்றால் போதாது. ஆனால் பூட்டிய கணக்குப் பெட்டி கொஞ்சம் திறந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இணையம் வழியே விற்பனை இன்று நம் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. விற்பனைப் பிரதிநிதிக்கும் கூட்டாளிக்கும் பங்கு பேசும் வியாபாரிகளே! எந்தக் கடை விற்பனை, எந்த வழி விற்பனை, கணக்கை யார் பார்க்கலாம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். புதுவழி திறப்பது உங்கள் உரிமை. திறக்கும் முன் பங்காளியை அழைத்துப் பேசுவது உங்கள் கடமை.

வேலைக்குப் போகும் இளைஞர்களே! கமிஷன் இத்தனை சதவீதம் என்று கேட்டதும் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "எதில் சதவீதம்? கணக்கை எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். 2 கோடி டாலர் வாங்கியவரே இந்தக் கேள்விக்காகக் கோர்ட்டுப் படி ஏறினார். இருபதாயிரம் ரூபாய் வாங்குகிறவர் முதல் நாளே கேட்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?