மறக்குடித் தாயும் மாடம்பாக்கத்துத் தாயும்

ஒரு பெண் படையில் சேர்ந்தாள் என்னும் செய்தி வந்த மறுகிழமையே அவள் தாய்க்குப் பொன்னாடை போர்த்த ஒரு கூட்டம் கூடிவிடுகின்றது. ஒலிபெருக்கி கட்டப்படுகின்றது. பேச வந்தவர் ஒக்கூர் மாசாத்தியாரைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வருகின்றார். பிறந்த வீட்டு மறவனையும் புகுந்த வீட்டு மறவனையும் அடுத்தடுத்துக் களத்தில் இழந்த பின்னும், போர்ப்பறை கேட்டவுடன் ஒரே மகனின் கையில் வேலைக் கொடுத்து விடுத்தாளன்றோ ஒருத்தி! அவள் குருதியன்றோ இவ்வம்மையார் உடலிலும் ஓடுகின்றது! இவர் கண்ணில் ஒரு சொட்டு நீருண்டா, பாருங்கள்! இவ்வாறு அவர் முழங்க, கைத்தட்டல் எழுகின்றது. பொன்னாடைக்குள் நின்றுகொண்டிருக்கும் அத்தாயின் முகத்தை மட்டும் எவரும் பார்ப்பதில்லை.

இந்தப் பேச்சு பொய்ப்பேச்சு என்பதே எம் வழக்கு. தமிழறியாதவன் பேசினால் விட்டுவிடலாம். தமிழால் வயிறு வளர்ப்போரும், நம் இயக்க மேடைகளில் ஏறுவோரும் இதனையே பேசுவதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

அவர்கள் எடுத்துக்காட்டும் பாட்டு புறநானூற்றில் 279-ஆம் பாட்டு. அதற்கு இரண்டு பாட்டு முன்னே, 277-இல், பூங்கணுத்திரையார் பாடிய மிகச் சிறிய பாட்டொன்று உள்ளது. அது மேடைக்கு வருவதே இல்லை. அதிலும் ஒரு முதிய தாய். கொக்கின் இறகுபோல் தலை வெளுத்தவள். யானையை வீழ்த்தி அவள் மகனும் வீழ்ந்தான் என்று செய்தி வருகின்றது. ஈன்ற நாளினும் பெரிதாய் உவந்தாள் என்கின்றார் புலவர். இவ்வளவோடு நின்றிருந்தால் நம் மேடையாளர்க்கு இப்பாட்டு எத்துணை உதவியாய் இருந்திருக்கும்! ஆனால் புலவர் நிற்கவில்லை. மழை ஓய்ந்தபின் மூங்கிற் புதரில் தொங்கும் நீர்த்துளிகளைக் காட்டி, அவள் உகுத்த கண்ணீர்த் துளி அவற்றினும் பல என்று முடிக்கின்றார். உவகைக்கு ஓரளவும் கண்ணீருக்கு ஓரளவும் ஒரே பாட்டில் வைத்துப் போனவரை நாம் பாதியில் வெட்டிவிட்டோம்.

அடுத்த பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் காட்டும் தாயும் அத்தகையவளே. மகன் புறமுதுகிட்டான் என்று எவரோ சொல்லக் கேட்டு, வாளோடு களத்துக்குப் போகின்றாள். போய் என்ன செய்தாள்? கிடந்த பிணங்களை ஒவ்வொன்றாய்ப் புரட்டினாள். அவ்வாறு புரட்டிய ஒவ்வொன்றும் வேறொருத்தி பெற்ற பிள்ளை. இருபதாண்டுக்கு மேலாக இப்பாட்டை வகுப்பில் நடத்தி வருகின்றேன். அவள் மானத்தைப் பற்றி வினாத்தாள் கேட்கும், அந்தக் கைகளைப் பற்றி ஒருமுறையேனும் கேட்டதில்லை. மாசாத்தியாரின் பாட்டையே எடுத்துக் கொள்வோம். அத்தாயின் துணிவைக் கண்டு முதலில் திடுக்கிடுபவர் அதனைப் பாடிய மாசாத்தியாரே. அவர் திடுக்கிட்ட இடத்தில் நாம் கைதட்டுகின்றோம்.

இனி 312-ஆம் பாட்டு. பொன்முடியார் பாடியது. பெற்று வளர்த்தல் தாயின் கடன் என்னும் முதற்செய்தியை நாட்டில் அறியாதார் இல்லை. அப்பாட்டு ஐவர்க்குக் கடன் வகுக்கின்றது. தாய்க்கொன்று, தந்தைக்கொன்று, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, இளைஞனுக்கு ஒன்று. வேந்தனின் கடனைச் சொல்லுமிடத்தில் நன்னடை என்றும் தண்ணடை என்றும் இரு பாடங்கள் உண்டு. முன்னதாயின், அவனை நல்வழி நிறுத்துதல். பின்னதாயின், அவன் வாழ விளைநிலம் கொடுத்தல். எப்பாடத்தைக் கொண்டாலும் வேந்தனுக்குக் கடன் உண்டு. இளைஞனின் கடனோ யானையை வீழ்த்துவதோடு முடியவில்லை. வீழ்த்தி மீள்வதில் முடிகின்றது. மகன் மீண்டு வருதலையும் கடனாக எழுதி வைத்த குடி நம் குடி. சாவதையே கடனாக்கிப் பேசுவோர் அச்சொல்லை எங்கே தொலைத்தனர்?

இத்தனை பாட்டிலும் போர்க்களம் போனவன் மகன். மகளை விடுத்த தாய்க்குப் பழம்பாட்டில் இடமில்லை. பிற்கால வரலாற்றில் சிவகங்கை வேலுநாச்சியார் 1780-இல் தம் நாட்டை மீட்டதைச் சொல்வோம். அவரோ தாமே படை நடத்திய அரசி. வாழ்நாள் முழுதும் பிறர் வீட்டுத் துணியைத் தைத்துக் கொடுத்து மகளை வளர்த்த ஒரு தாயின் நெஞ்சுக்கு அவரை அளவுகோலாக வைப்பது முறையன்று.

அத்தகைய ஒரு தாயை யான் அறிவேன். தாம்பரத்துக்குத் தென்கிழக்கே மாடம்பாக்கத்தில் இருப்பவர். சோழர் காலத்துத் தூங்கானைமாடக் கோயிலும் பேரேரியும் கொண்ட அவ்வூர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. அதனை அடுத்தே வான்படை நிலையம். வானூர்தி ஓட்டக் கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கு இயங்குகின்றது. மேலே பறக்கும் ஊர்தியின் இரைச்சலுக்காகப் பாடத்தை நிறுத்தித் தொடர்வது அப்பக்கத்துப் பள்ளிகளில் நாள்தோறும் நடப்பது. அந்த ஓசையிலேயே வளர்ந்த பெண்ணுக்கு அங்கே போக வேண்டும் என்று தோன்றியதில் வியப்பென்ன?

பெண் என் மாணவி; பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிற் பயின்றவள். முடுக்கம், உந்தம், நிலைமம் என்று இயற்பியலைத் தமிழில் தெளிவாகக் கற்றவள். வான்படைத் தேர்வோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தெரிந்த கணக்கையே தெரியாத சொல்லில் மீண்டும் படிக்க அவளுக்கு ஓராண்டு ஆயிற்று. தேர்வில் வென்றாள். அகவை பதினெட்டு நிரம்பவில்லை ஆகலின் பெற்றோர் இசைவுத்தாளில் கையொப்பமிட வேண்டும். தாய் அத்தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஐயா. போ என்று சொல்லவும் வரவில்லை. இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

ஆங்கிலத்தில் அடித்திருந்தது. தமிழாக்கிச் சொன்னேன். நான்காண்டுப் பணி, அந்நான்காண்டும் மணம் செய்தல் கூடாது, கருவுறல் கூடாது என்னும் உறுதியும் பெண்கள் தரவேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நான்காண்டு முடிந்தபின்?” என்று ஒரே கேள்வி கேட்டார். நாட்டுப்பற்றைப் பற்றிச் சொற்பொழிவு கேட்க அவர் வரவில்லை. பொன்முடியார் வேந்தனுக்கு வைத்த கேள்வியைத்தான் அவரும் வைத்தார்.

அதற்குத் தில்லி அரசின் விடை என்ன? அக்னிபாத்து என்று பெயரிட்டு 2022 சூனில் அறிவித்த அத்திட்டத்தின்படி, நான்காண்டு முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைப்பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். மற்றையோர் ஏறத்தாழ 11.71 இலக்கம் உருவாவோடு வீடு திரும்ப வேண்டும். அதிற் பாதி அவர்தம் சம்பளத்திற் பிடித்தது. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. இருபத்திரண்டு அகவையில் மகள் மீண்டு வந்து மறுபடியும் வேலை தேட வேண்டும். தாய் தன் கடனைச் செய்துவிட்டாள். வேந்தன் தன் கடனை நான்காண்டுக் குத்தகையாக்கிக் கொண்டான்.

பெண்களைப் படையிற் சேர்த்ததையே பெருங்கொடைபோல் பேசுகின்றனர். பரங்கிமலையில் 1963-இல் தொடங்கிய படை அலுவலர் பயிற்சிப் பள்ளியில் பெண்கள் நுழைய 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் அணியினர் 25 பேர் 1993 மார்ச்சில் வெளிவந்தனர். அவர்களுக்கும் அவர்க்குப் பின் வந்தோர்க்கும் நிலைப்பணி வேண்டும் என்று உச்ச நயன்மன்றம் சொல்ல 2020 பிப்பிரவரி ஆயிற்று. பெண்ணின் உடலமைப்பையும், ஆண்கள் அவள் ஆணையை ஏற்கத் தயங்குவர் என்பதையும் நடுவணரசு அங்கே ஏரணமாக எடுத்து வைத்தது. மன்றம் அதனைத் தள்ளியது. தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தின் கதவும் 2021-இல் மன்றத்தின் ஆணையாலேயே பெண்களுக்குத் திறந்தது. தாமாகத் திறந்த கதவு குறைவு.

இனி மொழிக்கு வருவோம். படையென்றும் தானையென்றும் தண்டென்றும் எத்தனை சொல் நம்மிடம்! ஆநிரை கவர்தற்கு ஒரு பூ, மீட்டற்கு ஒரு பூ, மதில் வளைத்தற்கு ஒரு பூ, காத்தற்கு ஒரு பூ என்று போரின் ஒவ்வொரு நிலைக்கும் பூப்பெயர் வைத்து இலக்கணம் கண்ட மொழி உலகில் வேறெங்கே உண்டு? அம்மொழி பேசும் தாய்க்கு, தன் மகள் ஏற்ற பணியின் பெயர் விளங்கவில்லை. அக்னிவீர் வாயு என்றால் என்ன என்று என்னைத்தான் கேட்டார். தீயும் காற்றுமாம். நம் செய்தித்தாள்களும் அப்பெயரை எழுத்து மாறாமல் அச்சிட்டு மகிழ்கின்றன.

1758-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகச் சொல்லும் மதராசுப் படைப்பிரிவு நீலமலை வெலிங்டனில் நடுவிடம் கொண்டது. களத்தில் அவர்கள் எழுப்பும் முழக்கத்தில் அடி, கொல்லு என்னும் நம் சொற்கள் உள்ளன. கொள்கைமொழியோ சமற்கிருதம். அடிப்பதற்கும் கொல்வதற்கும் தமிழ் வேண்டும். பொறித்து வைக்க வடமொழி வேண்டும்! வேறு எதனைச் சொல்லி இதனை விளக்குவது?

முடியாது என்று அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் பிறகு முடிந்திருக்கின்றது. நடுவண் பின்னிருப்புக் காவற்படையின் ஆள்தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் என்று 2023-இல் அறிவித்தனர். 9,212 இடங்களில் தமிழ்நாட்டிற்குரியவை 579. தமிழக முதல்வர் மடல் எழுதினார், எதிர்ப்பு எழுந்தது. அந்த ஏப்பிரல் திங்களிலேயே தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் தேர்வு உண்டு என்று ஆணை வந்தது. தரைப்படையும் 2025-ஆம் ஆண்டு ஆள்தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் அறிவித்தது. தரையில் நடப்பவனுக்குத் தமிழில் வினா கேட்க முடியுமெனில், வானூர்தியைச் செப்பம் செய்பவளுக்குக் கேட்க முடியாதா? வான்படையும் கடற்படையும் விடை சொல்லட்டும்.

இதுகாறும் எழுதியதை நம் இயக்க அன்பர் மகிழ்ந்து படித்திருப்பர். இனி எழுதுவது அவர்களில் சிலர்க்குக் கசக்கும். அத்தாயின் வீட்டுக்கே போய், “இந்தியப் படைக்கா மகளை விட்டாய்? ஈழத்தில் நம்மவரைக் கொன்ற படைக்கா?” என்று கேட்டு வந்திருக்கின்றனர் இருவர். 1987-இல் அமைதிப்படை என்னும் பெயரில் போனவர்கள் செய்ததை யாமும் மறக்கவில்லை. அதற்காகத் தையற்பொறி மிதித்து வாழும் ஒரு பெண்மணியை வாயிலில் நிறுத்திக் கணக்குக் கேட்பது எந்த மானத்தின்பாற் படும்? கேட்ட இருவரின் மக்களும் நடுவணரசு நிறுவனங்களில் வேலை பார்ப்போர் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பெண்ணுக்குத் தன் வழியைத் தேரும் உரிமை உண்டு என்பது நம் இயக்கத்துக்கு வெளியிலிருந்து வந்த கருத்தன்று. மாடம்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியபோது உடனிருந்தவர் மகளார் நீலாம்பிகையார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. மறுநாளே மூவலூர் இராமாமிர்தம்மையாரும் மருத்துவர் தருமாம்பாளும் இந்தி எதிர்ப்பு மறியலிற் சிறைப்பட்டனர். அப்போராட்டத்தில் கைக்குழந்தைகளோடு சிறை புகுந்த தாய்மாரும் உளர். அவர்களை எவரும் பெற்றோர் இசைவுத்தாள் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் 1943-இல் சுபாசு சந்திரபோசு அமைத்த சான்சிராணிப் படையை எண்ணிப் பார்க்க. தலைமை ஏற்றவர் சென்னையிற் பிறந்த மருத்துவர் இலக்குமி சாமிநாதன். அணியில் நின்றோருட் பெரும்பாலார் மலேயா தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப்பெண்கள். செல்வக்குடியிற் பிறந்த சானகி தேவர் சேர விரும்பியபோது தந்தை முதலில் இசையவில்லை. இலக்குமியாரே அவர்தம் இல்லத்துக்குச் சென்று பேச வேண்டியிருந்தது. அத்தோட்டத்து லயங்களில் இருந்த தாய்மாரிடம் யார் போய்ப் பேசினர்? அது வரலாற்றில் ஏறவில்லை. அப்படையின் கட்டளை மொழியும் இந்துத்தானிதான்.

ஈழத்தை எடுத்தால் இன்னும் நெஞ்சு கனக்கும். கோப்பாயில் 1987 அக்டோபரில் மாலதி வீழ்ந்தது முதல் ஆயிரக்கணக்கான பெண்மக்கள் களத்தில் மாண்டனர். தாமே விரும்பிச் சென்றோரின் ஈகத்துக்கு முன் தலை தாழ்கின்றோம். ஆனால் வன்னியில் கடைசி ஆண்டுகளில், விரும்பாத பிள்ளையைத் தாயின் கையிலிருந்து பிரித்துக் கொண்டுபோனதும் நடந்தது. அதனை நடவாததுபோல் எழுதும் இதழ்கள் நம்மிடையே உள. அத்தாய்மாரும் தமிழ்த்தாய்மாரே. 2017 முதல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காணாமலாக்கப்பட்ட மக்களின் படங்களை ஏந்தித் தெருவோரம் அமர்ந்த அன்னையர்க்காகக் குரல் கொடுக்கும் நாம், அவர்கள் வாய்விட்டுச் சொல்லும் எல்லாவற்றையும் கேட்க வேண்டும். நமக்கு உதவும் பாதியை மட்டுமன்று.

ஆகவே மகளைப் படைக்கு விட்ட தாயைப் புகழ்ந்து நசுக்குவதும் இகழ்ந்து நசுக்குவதும் ஒன்றே. தாம்பரத்திலே பயின்று, பரங்கிமலையில் பயிற்சி பெற்று, 2014 ஏப்பிரலில் காசுமீரத்தில் மாண்ட முகுந்து வரதராசனுக்கு நாடு அசோகச் சக்கரம் அளித்தது. பத்தாண்டு கழித்து அவர் கதை திரைப்படமாகிக் கொட்டகைகள் நிறைந்தன. அப்படம் பார்த்துத் தன் மகளும் அழுதாள், அழுதுகொண்டே சேருவேன் என்றாள் என்று மாடம்பாக்கத்து அன்னையார் சொன்னார். அவர் அன்று அழவில்லையாம். மகளைப் பெலகாவிப் பயிற்சிப் பள்ளிக்கு வண்டியேற்றிய பின், அவள் விட்டுச் சென்ற பள்ளிச் சீருடையைப் பிரித்து வேறொரு பிள்ளைக்குத் தைக்க உட்கார்ந்தபோது அழுதாராம். பூங்கணுத்திரையார் இருந்திருந்தால் எண்ணியிருப்பார்.

தமிழன்பர்கள் இத்திங்களில் செய்யத்தக்க பணி உண்டு. நடுவண் படைத்துறை அமைச்சருக்கும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் மடல் எழுதுக, தமிழிலேயே எழுதுக. கேட்க வேண்டியவை இவை: வான்படை, கடற்படை ஆள்தேர்வுகளிலும், நடுவண் தேர்வாணையம் நடத்தும் படை அலுவலர் தேர்வுகளிலும் தமிழில் வினாத்தாள் வேண்டும். பெற்றோர் கையொப்பமிடும் இசைவுத்தாள் அவர்கள் படிக்கும் மொழியில் அச்சாக வேண்டும். நான்காண்டு பணி செய்து திரும்பும் மக்களுக்கு ஓய்வூதியமோ நிலைப்பணியோ வேண்டும். மடலின் படியொன்றை இவ்விதழுக்கும் விடுத்தால் அடுத்த திங்கள் வெளியிடுவோம். மாடம்பாக்கம், செம்பாக்கம், அகரம்தென் பக்கத்தார் நேரிலேயே கொண்டுவந்து தரலாம். ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்கு மேல் யான் இல்லத்தில் இருப்பேன்.