மலிவு விலை ஸ்மார்ட் டிவி வாங்கலாமா? மாட்டுத்தாவணி கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

32 இன்ச் ஸ்மார்ட் டிவி பத்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில். 43 இன்ச் இருபதாயிரத்துக்குள். இதே அளவில் பெரிய கம்பெனி டிவியின் விலை பல ஆயிரம் ரூபாய் கூடுதல். மதுரை மாட்டுத்தாவணி, கே.கே.நகர், அண்ணா நகர் பக்கம் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் ஆன்லைன் தள்ளுபடி விற்பனையிலும் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பவர்களுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: விலை குறைந்த டிவியை நம்பி வாங்கலாமா, இல்லை காசு வீணாகிவிடுமா?

இலந்தைக்குளம் எல்காட் ஐ.டி. பார்க்கில் வேலைக்குச் சேர்ந்து, ஒத்தக்கடை பக்கம் வாடகை வீடு எடுத்திருக்கும் ஓர் இளைஞருக்கு இந்த வித்தியாசம் ஒரு மாத வாடகைக்குச் சமம். ஆனால் இரண்டாவது வருடத்தில் திரை போய்விட்டால், மிச்சம் பிடித்த பணமும் போய், டிவியும் போய்விடும். அதனால் எந்த பிராண்ட் என்பதைவிட, எந்தக் குறையைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், எதைச் சரிசெய்யவே முடியாது என்று பிரித்துப் பார்ப்பதே இங்கு பயன் தரும்.

ஜிஎஸ்டி குறைப்பு எல்லா டிவிக்கும் உண்டா?

இல்லை. 2025 செப்டம்பர் 3-ம் தேதி நடந்த 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில், 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. செப்டம்பர் 22 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 32 இன்ச் வரையிலான டிவிகளுக்கு 2019 ஜனவரியில் இருந்தே 18 சதவீதம்தான்.

எனவே 32 இன்ச் டிவிக்கு ‘ஜிஎஸ்டி குறைஞ்சிருக்கு, அதான் இந்த விலை’ என்று யாராவது சொன்னால், அது வெறும் விற்பனைப் பேச்சு.

43 இன்ச்சில் கணக்கு எளிது. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள டிவி, முன்பு 25,600 ரூபாய். இப்போது 23,600. அதாவது 2,000 ரூபாய், சுமார் 8 சதவீதம் மிச்சம். ‘10 சதவீதம் குறைவு’ என்பது வரி விகிதத்தில்தான். கையில் இருந்து போகும் தொகையில் அவ்வளவு குறையாது.

இன்னொரு பக்கம், 32-க்கும் 43-க்கும் இடையில் இருந்த வரி இடைவெளி போய்விட்டது. முன்பு 32 இன்ச்சோடு நின்றவர்கள் இப்போது 43 இன்ச்சையும் ஒரு முறை விலை கேட்டுப் பார்க்கலாம்.

பெயர் ஒருவருடையது, தயாரிப்பு இன்னொருவருடையது

மலிவு விலை டிவிகளில் பலருக்கும் தெரிந்த பழைய பெயர்கள் உண்டு. கோடக், தாம்சன், ப்ளாபங்க்ட், வெஸ்டிங்ஹவுஸ் என நான்கும் வெளிநாட்டுப் பெயர்கள். ஆனால் இந்தியாவில் இந்த நான்கு பெயர்களிலும் டிவி தயாரித்து விற்க உரிமம் பெற்றிருப்பது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே இந்திய நிறுவனம். கோடக் டிவி 2016-லும், தாம்சன் 2018-லும் இப்படித்தான் இந்தியச் சந்தைக்கு வந்தன.

இது மோசடி அல்ல, சட்டபூர்வமான வியாபாரம். ஆனால் ‘கோடக்னா கேமரா கம்பெனி, நல்லாத்தான் இருக்கும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது. பெட்டியின் பின்புறம் ‘தயாரிப்பாளர்’, ‘சந்தைப்படுத்துபவர்’ என்று இருக்கும் வரிகளைப் படித்தால், பழுதானால் பதில் சொல்ல வேண்டியது யார் என்பது தெரிந்துவிடும்.

‘உள்ளே பெரிய கம்பெனி பேனல்தான் சார்’ என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு வசனம். இந்தியாவில் விற்கும் டிவிகளுக்கான திரைப் பேனல்களில் பெரும்பகுதி சீனாவில் இருந்து வருகிறது. பிஓஇ, டிசிஎல்-லின் சிஎஸ்ஓடி, எச்கேசி ஆகியவை அங்குள்ள பெரிய தயாரிப்பாளர்கள். 2020 ஜூலையில் கலர் டிவி இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்த பிறகு, பேனலை வரவழைத்து இங்கே டிவியாகப் பூட்டுவது அதிகரித்தது. ‘மேட் இன் இந்தியா’ என்ற எழுத்து டிவி எங்கே பூட்டப்பட்டது என்பதைச் சொல்லும். பேனல் எந்தத் தரம் என்பதைச் சொல்லாது.

பிறகு சரிசெய்துகொள்ளக் கூடியவை

சத்தம்: மெலிதான டிவிகளில் ஸ்பீக்கருக்கு இடம் குறைவு. பெட்டியில் எத்தனை வாட்ஸ் போட்டிருந்தாலும் சத்தம் சுமாராக இருக்கலாம். பின்னாளில் ஒரு சவுண்ட்பார் வாங்கினால் தீர்ந்தது.

வேகம்: மலிவு டிவிகளில் ரேம் 1 ஜிபி மட்டுமே இருப்பது சகஜம். வாங்கிய புதிதில் ஓடும். இரண்டு வருடத்தில் செயலிகள் பெரிதாகி, யூடியூப் திறக்கவே நேரம் எடுக்கும். அப்போது டிவியை மாற்ற வேண்டியதில்லை. எச்டிஎம்ஐ துளையில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் டிவி மறுபடி ‘ஸ்மார்ட்’ ஆகிவிடும்.

பின்விளக்கு: ‘சத்தம் வருது, படம் வரலை’ என்பது எல்இடி டிவிகளில் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் திரைக்குப் பின்னால் உள்ள எல்இடி விளக்குப் பட்டை எரிந்திருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் அதை மாற்றிவிடுவார். மதுரை வெயிலில், காற்றோட்டம் இல்லாத சுவர் அலமாரிக்குள் டிவியை அடைத்து, பிரகாசத்தை முழு அளவில் வைத்து ஓட்டினால் இந்தப் பட்டைகள் சீக்கிரம் தேயும். பிரகாசத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பது செலவில்லாத பராமரிப்பு.

சரிசெய்ய முடியாதவை

முதலாவது பேனல். டிவி தயாரிப்புச் செலவில் பாதிக்கும் மேல் பேனலுக்கே போகிறது. அதனால்தான் திரை உடைந்தாலோ, கோடு விழுந்தாலோ, மாற்றும் செலவு புது டிவி விலையை நெருங்குகிறது. 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் இலவச கலர் டிவிகள் கனமான பிக்சர் டியூப் பெட்டிகள். பழுதானால் தெரு மெக்கானிக்கே பிரித்துப் பார்த்துச் சரிசெய்வார். அந்தப் பழக்கத்தில் ‘ரிப்பேர் பண்ணிக்கலாம்’ என்று நினைப்பது தட்டைத் திரையில் எடுபடாது.

இரண்டாவது, ஊரில் இல்லாத சர்வீஸ். இதுதான் மலிவு பிராண்டுகளின் உண்மையான சோதனை. ஒரு காலத்தில் வீடுதோறும் தெரிந்த பெயரான வீடியோகான் 2018-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. ஒன்பிளஸ், ரியல்மி இரண்டும் இந்திய டிவி சந்தையில் இருந்து விலகுவதாக 2023 அக்டோபரில் செய்திகள் வந்தன. பிராண்ட் பின்வாங்கினால் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியது வாங்கியவர்தான்.

மூன்றாவது, பாதுகாப்பில்லாத மென்பொருள். ‘ஆண்ட்ராய்டு டிவி’ என்று விற்கப்படும் எல்லாமே கூகுள் சான்றிதழ் பெற்றவை அல்ல. சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டை வைத்து, தனி செயலிக் கடையோடு வரும் டிவிகளும் உண்டு. சான்றிதழ் இல்லாத ஆண்ட்ராய்டு ஸ்ட்ரீமிங் பெட்டிகள், புரொஜெக்டர்கள் போன்றவற்றில் தீம்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்ததாக, ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற பெயரில் அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. வீட்டு வைஃபையில் டிவியும், ஆபீஸ் லேப்டாப்பும், யுபிஐ உள்ள போனும் ஒன்றாக இருக்கும் காலத்தில் இதைச் சின்ன விஷயமாக விட முடியாது.

கூகுள் டிவி மட்டும்தான் நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வெப்ஓஎஸ், டைசன், ஃபயர் டிவி, விடா, 2025 பிப்ரவரியில் வந்த ஜியோ டெலி ஓஎஸ் என வேறு தளங்களும் உண்டு. கேட்க வேண்டியது, தளத்தின் பெயர் என்ன, தேவையான ஓடிடி செயலிகள் அதில் இருக்கின்றனவா என்பதுதான். பெயர் சொல்லத் தெரியாமல் ‘எல்லாம் ஓடும் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

கடையில் பத்து நிமிடம்

கடைகளில் டிவி பெரும்பாலும் ‘ஸ்டோர் மோட்’ என்ற அமைப்பில், பிரகாசமும் நிறமும் தூக்கலாக ஓடும். பூவும் கிளியும் காட்டும் அந்த டெமோ வீடியோவில் எந்த டிவியும் அழகாகத்தான் இருக்கும். தயங்காமல் இவற்றைக் கேட்கலாம்:

• ‘ஹோம் மோட்’டுக்கு மாற்றச் சொல்லுங்கள். சாதாரண கேபிள் சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அரசு கேபிளோ டிடிஎச்சோ, வீட்டில் பார்ப்பது எஸ்டி சேனல் என்றால், 4கே டிவியில் அந்தப் படம் மங்கலாகத் தெரியலாம்.

• யூடியூபில் முழு வெள்ளை, முழு கருப்புத் திரை வீடியோ போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கரும்புள்ளியோ நிழலோ, கருப்பில் ஓரங்களில் வெளிச்சக் கசிவோ இருந்தால் தெரிந்துவிடும்.

• பக்கவாட்டில் நின்று பாருங்கள். நிறம் வெளுத்தால், குடும்பத்தோடு பார்க்கும் ஹாலுக்கு அந்த பேனல் சரிவராது.

• ரெசல்யூஷன் கேளுங்கள். 32 இன்ச்சில் 1366×768 போதும். 43 இன்ச்சில் 1920×1080-க்குக் கீழே வேண்டாம்.

• ‘எச்டிஆர்’ என்று எழுதியிருந்தால், பிரகாசம் எத்தனை நிட்ஸ் என்று கேளுங்கள். 250 நிட்ஸ் அளவில் உள்ள திரை எச்டிஆர் வீடியோவை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பளிச்சைக் காட்டாது. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

• பெட்டியில் பிஐஎஸ் குறியும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். டிவிகளுக்கு இந்தப் பாதுகாப்புப் பதிவு கட்டாயம். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயரும் வரும்.

கடைசியாக ஒரு போன் கால். வாங்க நினைக்கும் பிராண்டின் கஸ்டமர் கேருக்குக் கடையில் நின்றபடியே அழைத்து, ‘மதுரையில் சர்வீஸ் சென்டர் எங்கே, வீட்டுக்கு வருவாங்களா, எத்தனை நாள் ஆகும்’ என்று கேட்டுவிடுங்கள். மேலூர், திருப்புவனம், சிவகங்கை பக்கம் இருப்பவர்கள் தங்கள் பின்கோடைச் சொல்லியே கேட்பது நல்லது. விற்பனையாளர் தரும் பதிலைவிட இந்த பதில்தான் முக்கியம்.

வாங்கி, ஊருக்குக் கொண்டுபோகும்போது

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவது வசதிதான். ஆனால் டிவி பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுபோவதும், மேலே சாமான் வைப்பதும் பேனலுக்கு ஆபத்து. நிறுத்திவைத்தே கொண்டுபோக வேண்டும். அடிபட்டு உடைந்த திரைக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. கடையே டெலிவரி தந்தால் அதை ஏற்றுக்கொள்வது நல்லது. ஆன்லைனில் வாங்கினால், பெட்டி பிரிப்பதை முழுதாக வீடியோ எடுத்து வையுங்கள்.

வாரண்டி அட்டையில் ‘1 வருடம்’ என்பது டிவி முழுக்கவா, பேனலுக்குத் தனியாகக் கூடுதல் காலம் உண்டா, சுவரில் மாட்டக் கட்டணம் எவ்வளவு என்பதையும் பில் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

பழுதாகி, கம்பெனி கைவிரித்தால்?

பில் இருந்தால் வழி இருக்கிறது. ‘பில் இல்லாம வாங்கினா ஆயிரம் குறையும்’ என்ற சலுகையை ஏற்றால், அந்த வழி அடைபட்டுவிடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற அச்சு வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யவும் முடியும்.

ஆக, வாங்கலாமா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 17,000 ரூபாய் டிவி நான்கு வருடம் உழைத்தால், வருடத்துக்கு 4,250 ரூபாய். 25,000 ரூபாய் டிவி ஏழு வருடம் உழைத்தால் சுமார் 3,570 ரூபாய். இங்கே விலை கூடிய டிவிதான் மலிவு. ஆனால் அதே 17,000 ரூபாய் டிவி ஆறு வருடம் ஓடினால், வருடத்துக்கு சுமார் 2,830 ரூபாய்தான். அப்போது மலிவு டிவி ஜெயிக்கிறது. அந்த இரண்டு கூடுதல் வருடங்களைத் தருவது பேனலின் தரமும், பழுதானால் வந்து பார்க்கும் ஆளும்தான்.

எனவே வாடகை வீடு, படுக்கையறை, இரண்டாவது டிவி என்ற தேவைக்கு 32 இன்ச் மலிவு பிராண்ட் நியாயமான தேர்வு. இழப்பு வந்தாலும் தாங்கக்கூடிய தொகை அது. வீட்டின் ஒரே டிவியாக, பெற்றோரும் பிள்ளைகளும் தினமும் பல மணி நேரம் பார்க்கப்போகும் 43 அல்லது 55 இன்ச் என்றால், மதுரையில் சர்வீஸ் உண்டு என்று போனில் உறுதியான பிராண்டில் மட்டும் மலிவு மாடலை எடுக்கலாம். அந்த உறுதி கிடைக்காவிட்டால், ஒரு சைஸ் குறைத்து, சர்வீஸ் உள்ள கம்பெனி டிவியை வாங்குவதே லாபம்.