துருப் பிடித்த குழாய்! செலவு யார் தலையில்?

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி இருக்கிறது, ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர்கள் வாழும் ஊர்.

இங்கே காற்றிலேயே உப்பு. இரும்பு தாங்காது.

பழைய இரும்புக் குழாய்களின் மேல் துத்தநாகப் பூச்சு உண்டு. உப்பு அதைத் தின்றுவிடும். அப்புறம் துருதான்! வெளியே ஓட்டை விழும். உள்ளே துரு படிந்து, துவாரம் சுருங்கும். தண்ணீர் நூல் போல வரும். அதுவும் செந்நிறமாக வரும்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. சென்னையில் பல இடங்களில் குடிநீர் நேரம் வைத்துத்தான் வருகிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால், ஓட்டை வழியாக அந்த நீர் உள்ளே புகும். மறுநாள் அதே குழாயில்தான் குடம் வைக்கிறார்கள்!

குடியிருப்பவர் என்ன செய்கிறார்? பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் குழாயில் சுற்றுகிறார். ரிப்பேர் செய்யச் சொன்னால், "காலி செய்" என்று பதில் வருமோ என்று பயம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1960-ம் ஆண்டு வாடகைச் சட்டம் போய், 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. தண்ணீர்க் குழாயை மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு என்கிறது அது. வாஷர் போடுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் மறுத்தால், குடியிருப்பவரே குழாயை மாற்றி, செலவை வாடகையில் கழிக்கலாம்.

நல்ல பங்கீடுதான். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. வாய்ப் பேச்சில் குடி வந்தவர் எதைக் காட்டுவார்?

வீட்டுக்காரரும் பாவம்!

வீட்டுக்காரர் என்றால் பணக்காரர் என்று நினைக்கக் கூடாது. ஒரே ஓர் அறையை வாடகைக்கு விட்டு, கடலுக்குப் போகாத நாளில் அந்தப் பணத்தில் அடுப்பு எரிப்பவரும் உண்டு. எல்லாக் குழாயையும் ஒரே நாளில் மாற்று என்றால், அவர் எங்கே போவார்?

அதற்காகச் செலவைக் குடியிருப்பவர் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. வீடு அவருடையதா? காலி செய்யும்போது குழாயைப் பெயர்த்துக்கொண்டு போவாரா?

குடியிருப்பவர் முதலில் பணம் போடட்டும். மாதா மாதம் கொஞ்சமாக வாடகையில் கழித்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் குழாய் துருப் பிடிக்காது. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் நாள்பட வரும்.

முதலில் மாற்ற வேண்டியது, சாக்கடையைக் கடந்து வரும் துண்டு. அதை மாற்றும் வரை, குழந்தைகளுக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.