பொன்னுருவியைக் கேள்வி கேட்டவர்கள்

புராணக் கதையைப் புதிதாக எழுதிய நாவல் எது கைக்கு வந்தாலும், நம்மில் பலர் முதலில் கேட்பது "இதெல்லாம் மூலத்துல இருக்கா?" என்றுதான். தருமபுரி புத்தகத் திருவிழாவில் இந்தக் கேள்வி என் காதில் விழாத வருஷம் இல்லை. எம்.டி.வாசுதேவன் நாயரின் 'இரண்டாம் இடம்' நாவலைக் கையில் எடுத்தவரும் கேட்கிறார், எஸ்.ராமகிருஷ்ணனின் 'உப பாண்டவம்' புரட்டியவரும் கேட்கிறார். கேட்பதில் தப்பில்லை. 'இல்லை' என்று பதில் வந்ததும் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்துக் கிராமங்களில் கோடைக் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு என்று நாள் நாளாகப் போய், படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையில் பீமன் அடிப்பதோடு நிறைவுக்கு வரும். விராட பருவம் படித்தால் மழை இறங்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சேர்வராயன் மலையில் மழை பெய்து வாணியாற்றில் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் ஊர்களில், அந்த நாளை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

நான் சொல்ல வந்தது கர்ண மோட்சம் நடக்கிற இரவைப் பற்றி. இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிக்க, அதற்குப் பின்னால் நின்று கர்ணன் பாடுகிறான். திரை விலகினால் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் விளக்கு வெளிச்சத்தில் மின்னுகின்றன. விடிந்தால் போர். மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வந்திருக்கிறான். அவளோ தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டதை அவமானமாக நினைப்பவள். முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். கடைசியில் தன் பிறப்பு ரகசியத்தை அவன் சொன்ன பிறகுதான் அவள் காலில் விழுந்து அழுகிறாள். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒரு முறை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயா அழவில்லை. வாயில் இருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ராசா வூட்டுப் புள்ளைன்னு தெரிஞ்ச பின்னாலதான் உனக்குப் புருசனாத் தெரியறானா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் விடுவானா? "நானும் அதைத்தான் கேக்கறேன் ஆயா, இந்தம்மா என்னை அடிக்க வருது" என்று ஆட்டத்துக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டான். பொன்னுருவி வேஷக்காரர் ஒரு கணம் பாட்டை நிறுத்திவிட்டார். சாதி மாறி நடந்த காதல் கல்யாணம் ஒன்றைக் காரணமாக வைத்து 2012 நவம்பரில் தலித் மக்கள் வாழ்ந்த நத்தம் காலனியைக் கொளுத்திய மாவட்டம் இது. அந்தக் கேள்விக்கு இங்கே என்ன கனம் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இந்தப் பொன்னுருவி மூலத்தில் இருக்கிறாளா? வியாசரில் கர்ணனின் மனைவி ஸ்திரீ பருவத்தில், அவன் பிணத்தின் மேல் விழுந்து கதறுகிறவளாக வருகிறாள். அத்தோடு சரி. தேரோட்டி மகன் என்று ஊரே ஏசிய ஒருவனை அவன் வீட்டில் எப்படி நடத்தியிருப்பார்கள் என்று யாரோ கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்கள் இந்த ஆயாவைப் போன்றவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. கதை கேட்டவனின் மனத்தாங்கல்தான் அடுத்த கதை.

புதுமைப்பித்தன் இதைத்தானே செய்தார்? அகலிகைக்கு விமோசனம் கொடுத்த ராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்றால், அகலிகை அதை எப்படித் தாங்குவாள் என்று ஒரு வாசகனாக அவர் கேட்டார். 1943இல் 'சாபவிமோசனம்' வந்தது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்று தலைப்புக்குக் கீழேயே குறிப்பும் போட்டார். கேள்வி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தருமபுரியில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஜெயமோகன், இல்லாத ஒரு நகரத்தைக் கட்டி எழுப்பிய 'விஷ்ணுபுர'த்தை 1997இல் வெளியிட்டார். பிறகு 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை 'வெண்முரசு' என்று 26 நாவல்களாக எழுதினார். தினம் ஒரு அத்தியாயம். தினமும் வாசகர் கடிதங்கள். அந்தக் கடிதங்களில் பலவற்றை நான் விடாமல் படித்திருக்கிறேன். அம்பையைப் பற்றி எழுதப் போனவர்கள் தங்கள் அக்காவைப் பற்றி எழுதினார்கள். பீஷ்மரைப் பற்றி ஆரம்பித்தவர்கள் அப்பாவிடம் போய் நின்றார்கள். நாவலோடு எனக்குச் சில இடங்களில் உடன்பாடில்லை, ஆனால் அந்தக் கடிதங்களை நான் உயர்வாக மதிக்கிறேன். ஆயா கேட்டது சபையில், இவர்கள் கேட்டது எழுத்தில்.

பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்தில் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் கைபேசியில் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அமீஷின் சிவா கதைகள், ஆனந்த் நீலகண்டன் ராவணன் வாயால் சொன்ன 'அசுரன்' என்று பட்டியல் வரும். படம் வந்த பிறகு பொன்னியின் செல்வனை எடுத்தவர்களும் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அவர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. இந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னிடம், "ராவணன் பக்கத்தையும் கேட்கணும் இல்லைங்களா சார், வீட்ல சொன்னா அடி விழும்" என்றாள். அவள் வீடு தீர்த்தமலைக்குப் போகிற வழியில் இருக்கிறது. ராவணனைக் கொன்றுவிட்டுத் திரும்பிய ராமன் பூசைக்காக அம்பு விட்டுத் தண்ணீர் வரவழைத்ததாகச் சொல்லும் அதே தீர்த்தமலைதான்.

அவளை யாரும் அடிக்க வேண்டாம். கூத்தில் கேள்வி கேட்ட ஆயாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவருமே ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஆயா நாவலைப் பார்த்ததில்லை, இவள் கர்ண மோட்சத்தை விடிய விடியப் பார்த்ததில்லை.

கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நூலக வார விழாவுக்கு மட்டும் கூடுகிறார்கள். பாரதம் வைக்கிற ஊர்களிலாவது, கூத்து முடிந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டத்தைக் கூட்டுங்கள். கூத்தாடியவர்களையும் நாவல் படிக்கிற பிள்ளைகளையும் பிரசங்கம் கேட்டுப் பழகிய பெரியவர்களையும் அழையுங்கள். மூலத்தில் இருக்கிறதா என்ற கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, பொன்னுருவி செய்தது சரியா என்று முதலில் கேளுங்கள். எந்த ஊரில் கூடினாலும் எழுதித் தெரிவியுங்கள், நானும் வருகிறேன்.