கோடைக்குச் சில நொடிகள்



முற்றத்து மணல் காலைச் சுடுகின்றது. கிணற்று நீர் அடிக்குப் போய்விட்டது. சோளகம் புழுதியை வாரி வந்து விறாந்தையில் கொட்டுகின்றது. பகல் முழுவதும் வீட்டினுள் அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகளுக்குச் செலவில்லாத விளையாட்டு ஒன்று உண்டாயின், அது நொடி விடுத்தலேயாகும். பிற இடங்களில் இதனை விடுகதை என்பர். தொல்காப்பியர் இதனைப் பிசி என்று குறித்து, ஒப்புமை காட்டி மறைத்துச் சொல்வது, தோன்றும் குறிகளைச் சொல்லிப் பொருளை உய்த்துணர விடுவது என இருவகையாகவும் வகுத்திருக்கின்றார். இலக்கணம் அவ்வளவில் நிற்க.

சென்ற ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில், உறவினர் வீடொன்றில் வேப்பமர நிழலிற் கூடியிருந்தோம். ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பிள்ளைகள் மூவரும், உள்ளூர்ப் பிள்ளைகள் ஐவரும் இருந்தனர். ஒரு மூலையில், எண்பது கடந்த அம்மம்மா சாய்மனைக் கதிரையிற் கண்மூடிக் கிடந்தார். கூடுதலான நொடிகளை அவிழ்ப்பவருக்கு ஒரு குட்டான் பனங்கட்டி பரிசு என்று நாம் அறிவித்தோம். நொடிகள் யாவும் நாமே கட்டியவை. ஆதலால் சிறிது செருக்கும் இருந்தது.

முதலாவது நொடி இது: “கரிய மாளிகைக்குள் மூன்று அறைகள், ஓர் அறைக்கும் கதவில்லை. ஒவ்வோர் அறையிலும் ஒரு வாய்த் தண்ணீர். பெருவிரலே திறவுகோல்.”

“தேங்காய்!” என்றாள் வெளிநாட்டிலிருந்து வந்த சிறுமி. கண் மூன்று என்பது அவள் நினைவில் இருந்தது போலும். தேங்காய்க்குக் கண் மூன்றேயாயினும் அறை ஒன்றுதான். பெருவிரலால் அதனைத் திறக்கப் புகுந்தால் விரல்தான் முறியும். “நுங்கு!” என்று உள்ளூர்ப் பையன் ஒருவன் கூவினான். அவள் நுங்கைக் கண்டதேயில்லை. நுங்குக் காலம் கழிந்து, பனம்பழம் விழத் தொடங்கியபின் வந்தவள் அவள். காணாத பொருளை நொடியாக விடுப்பது முறையோ என்று அப்போதே நாம் எண்ணியிருக்கவேண்டும். எண்ணினோமில்லை.

இரண்டாவது நொடி: “ஒற்றைக் காலில் நிற்பான், ஓயாமற் குனிவான். குனிந்து எடுத்ததை நிமிர்ந்து கொடுப்பான். தனக்கென ஒன்றும் வைக்கான்.”

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. கொக்கு என்றான் ஒருவன். கொக்குத் தானே விழுங்கிவிடும் என்று மற்றவர்கள் அவனை மடக்கினர். பின்னர் ரொறன்ரோப் பையன், பதினொரு வயதினன், எழுந்து நின்று, “துறைமுகத்தில் நிக்கிற பாரந்தூக்கி” என்றான்.

நாம் தலையை அசைத்து, “அன்று, தம்பி. விடை துலா” என்றோம்.

அவன் முகம் வாடிற்று. “ஏன் பிழை?” என்று கேட்டான். நாம் நொடியை ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். பாரந்தூக்கி ஒற்றைக் காலில் நிற்கின்றது, குனிகின்றது, எடுக்கின்றது, நிமிர்ந்து கொடுக்கின்றது, தனக்கென ஒன்றும் வைப்பதில்லை. தண்ணீர் என்றோ கிணறு என்றோ நாம் ஒரு குறிப்பேனும் வைத்தோமா? இல்லை. பிழை பிள்ளையிடம் இல்லை. இதனை ஒப்புக்கொள்ள நமக்குச் சிறிது நேரம் பிடித்தது என்பதையும் மறைக்காமற் கூறிவிடுகின்றோம். பெரியோர் சிறியோர்முன் தம் தவற்றை விழுங்குவது கசப்பு மருந்து குடிப்பது போன்றதுதான்.

அப்போது கண்மூடிக் கிடந்த அம்மம்மா எழுந்து உட்கார்ந்தார். “துலாவுக்கு ஒற்றைக் கால் எண்டு ஆர் சொன்னது? எங்கட தோட்டத்துத் துலாவுக்கு ஆடுகால் ரெண்டு” என்றார். பின்னர் நாம் எவரும் கேளாமலே சொல்லத் தொடங்கினார்: விடியற்புறத்தில் அண்ணன்மார் இருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பராம், ஐயா கிணற்றடியில் நின்று பட்டை பிடிப்பாராம், சிறுமியாகிய தாம் மண்வெட்டியுடன் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவாராம். புகையிலைக் கன்றுக்கு எவ்வளவு, வெங்காயத்துக்கு எவ்வளவு என்பதையும் சொன்னார். அன்று காலை தாம் உண்ட உணவு அவர் நினைவில் இல்லை. துலா மிதித்த அண்ணன்மாரின் காலடி ஓசையோ இருந்தது. இதனை அவர் மகளும் அதுவரை கேட்டதில்லையாம். நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தபின், மிதித்து இறைக்கும் துலாக்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுவிட்டன. உள்ளூர்ப் பிள்ளைகளிலும் இருவரே துலாவைக் கண்டிருந்தனர்.

இறுதியில் அம்மம்மாவே தீர்ப்பும் வழங்கினார். “நொடி போட்டவர் பிழை விட்டால் பிள்ளைக்குத்தான் வெற்றி.” குட்டான் கைமாறிற்று. நாமும் நொடியைத் திருத்தினோம்: “கால் இரண்டு, கை ஒன்று. முதுகில் ஒருவன் நடக்கிறான். அவன் கிணற்றை நோக்கி நடந்தால் கை நீரில் தோயும். திரும்பி நடந்தால் நீர் மேலே வரும்.” கிணறு என்ற சொல்லே நொடியில் வந்துவிட்டதால், இப்போது எளிதாகிவிட்டது என்று சிலர் குறை கூறலாம். கூறட்டும். இரண்டு விடை கொள்ளும் நொடியிலும் எளிய நொடி மேல் என்பது நம் கருத்து.

மூன்றாவது நொடியிலும் நாம் தப்பவில்லை. “காலையில் மேற்கே நீள்வான்; மாலையில் கிழக்கே நீள்வான்; நடுப்பகலில் என் காலின்கீழ் ஒளிவான்; மிதித்தாலும் அழான்.” நிழல் என்று எல்லோரும் ஒருங்கே கூவினர். ஆனால் நுங்கில் தோற்ற சிறுமி கையை உயர்த்தினாள். “எங்கட ஊரில நிழல் காலுக்குக் கீழ ஒளிக்கிறதில்லை. மத்தியானமும் பக்கத்திலதான் நிக்கும்.”

அவள் கூறியது மெய். கடகக் கோட்டிற்கும் மகரக் கோட்டிற்கும் இடைப்பட்ட நாடுகளிலேதான் சூரியன் நேர் உச்சிக்கு வருவான். ரொறன்ரோ கடகக் கோட்டிற்கு நெடுந்தொலைவு வடக்கே உள்ளது. அங்கே ஜூன் 21ஆம் திகதி நடுப்பகலிலும், ஐந்தடி உலக்கையை நிறுத்தினால் இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த நிழல் விழும். யாழ்ப்பாணத்திலோ சூரியன் ஆண்டுக்கு இருமுறை உச்சிக்கு வருகின்றான்: சித்திரைப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 14, 15ஆம் திகதிகளில் ஒருமுறை, ஓகஸ்ட் 28ஆம் திகதியளவில் மறுமுறை. மற்றை நாட்களில் இங்கும் நடுப்பகல் நிழல் வடக்கிலோ தெற்கிலோ சிறிது எட்டிப் பார்க்கும். ஆகவே நம் நொடி, உள்ளூரிலும் ஆண்டில் ஓரிரு நாட்களுக்கே முழு உண்மை!

அதிர்ஷ்டவசமாக அந்த 28ஆம் திகதிக்கு இரண்டு நாட்களே இருந்தன. பிள்ளைகள் முற்றத்தில் உலக்கையை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, அது சரியாமற் பார்த்துக்கொண்டனர். பன்னிரண்டு மணிக்கு நிழல் இன்னும் இருந்தது. நம் மணிக்கூட்டு நேரம் யாழ்ப்பாணத்துக்குச் சற்றுக் கிழக்கேயுள்ள நெடுங்கோட்டைக்கொண்டு அமைந்ததன்றோ? பன்னிரண்டு மணி பத்து நிமிடத்தை அடுத்து நிழல் உலக்கையின் பூணுக்குள் மறைந்தது. சிறுமி குனிந்து நான்கு பக்கமும் தேடினாள். “காணேல்லை!” என்று அவள் கத்தியது அடுத்த வளவுவரை கேட்டிருக்கும். வீட்டில் உலக்கை இல்லாதோர் நேரான தடி எதையும் வைத்துப் பார்க்கலாம். கொழும்பிலுள்ளோர்க்கு ஏப்ரல் 7ஆம் திகதியளவிலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் இக்காட்சி கிட்டும்.

இனி உங்களுக்கு மூன்று நொடிகள். இவற்றிற்கு ஒரு விடைக்கு மேல் இராது என்று நம்புகின்றோம். இருந்தால் எழுதுங்கள், பனங்கட்டி ஆயத்தமாக இருக்கின்றது.

“உழாத வயல், விதையாத பயிர். மழை பெய்தாற் பஞ்சம், வெயில் எரித்தால் விளைச்சல். வெள்ளை வெளேரென வாரிக் குவிப்பர், ஆயினும் தூற்றுவாரில்லை.” கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வருவோர், ஆனையிறவை அண்மிக்கும்போது உறங்காதிருக்கக் கடவர்.

“வைகாசியிற் புறப்படுவான். சுமந்து வந்ததை எல்லாம் மலைநாட்டில் இறக்கிவிடுவான். வடக்கே நம்மிடம் மட்டும் வெறுங்கையனாய் வந்து கதவை அடித்துச் சாத்துவான்.” இவன் பெயரை இக்கட்டுரையில் ஓரிடத்திற் சொல்லியிருக்கின்றோம்.

“பெயரிலே துறைமுகப் பட்டினம், பெயர்பெற்றதோ யாழ்ப்பாணம். பெயரிலே கருமை, அறுத்தாற் பொன்.” இதற்குக் குறிப்புத் தரமாட்டோம். அம்மாவிடம் கத்தியைக் கேட்டு வாங்குங்கள்.

விடைகள் அடுத்த ஞாயிறு இப்பக்கத்தில் வெளிவரும்.